மக்கள்தொகை மரபியல்: ஒரு பெருக்கல் கணக்கின் வரலாறு

மக்கள்தொகை மரபியல் என்பது, ஓர் உயிரினக் கூட்டத்தில் ஒரு மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள் என்ன விகிதத்தில் உள்ளன, அந்த விகிதம் தலைமுறைதோறும் ஏன் மாறுகிறது அல்லது ஏன் மாறாமல் நிற்கிறது என்பதைக் கணித வழியில் ஆராயும் துறையாகும். மெண்டலின் விதிகள் ஒரு தாய் தந்தையையும் அவர்களின் பிள்ளைகளையும் பற்றிப் பேசுகின்றன. மக்கள்தொகை மரபியலோ ஓர் ஊரையோ நாட்டையோ முழுதாக எடுத்துக்கொள்கிறது.

இதன் அடிப்படைக் கணக்கு, உயர்நிலைப் பள்ளி மாணவருக்குத் தெரிந்த (அ + ஆ)² என்னும் விரிவாக்கத்தைத் தாண்டாது. ஆயினும் மெண்டலின் கட்டுரை அச்சேறிய 1866க்கும், அந்தக் கணக்கு எழுதப்பட்ட 1908க்கும் இடையே 42 ஆண்டுகள் சென்றன. எழுதப்பட்ட பின்னரும் அதைப் பலர் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தாததன் விலையைக் கொடுத்தவர்கள் அறிவியலாளர்கள் அல்லர். மருத்துவமனைகளில் கட்டாயக் கருத்தடைக்கு உள்ளான எளிய மக்கள்.

கலந்து கரையும் மரபு

சார்லஸ் டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தபோது, பெற்றோரின் பண்புகள் பிள்ளையிடம் எவ்வாறு சேர்கின்றன என்பது எவருக்கும் தெளிவாகத் தெரியாது. இரண்டு நிறச் சாயங்கள் கலப்பதுபோலப் பண்புகள் கலந்து நடுநிலைக்கு வருகின்றன என்பதே பொதுக் கருத்து. பொறியாளரான ஃபிளீமிங் ஜென்கின் 1867இல் எழுதிய மதிப்புரையில் இதிலுள்ள சிக்கலைச் சுட்டிக்காட்டினார். ஒரு குடம் பாலில் ஒரு துளி நீலச் சாயம் விட்டால் அந்தத் துளி என்ன ஆகும்? கரைந்து காணாமற் போகும். அதுபோலவே புதிதாகத் தோன்றும் நல்ல பண்பும் சில தலைமுறைகளில் நீர்த்துவிடும். பிறகு இயற்கைத் தேர்வு எதைத் தேர்ந்தெடுக்கும்? டார்வினுக்கு இந்தக் கேள்வி கடைசிவரை தொல்லையாகவே இருந்தது.

விடை புரூனோ நகரில் அச்சாகிக் கிடந்தது. மரபுக் கூறுகள் சாயத்தைப்போலக் கரைவதில்லை. பாசிமணிகளைப்போல முழுதாகவே கைமாறுகின்றன என்பதைக் கிரிகோர் மெண்டல் பட்டாணிச் செடிகளைக் கொண்டு காட்டியிருந்தார். ஒரே மரபணுவின் இவ்வாறான மாற்று வடிவங்களை இன்று அல்லீல்கள் என்கிறோம். ஒவ்வொருவரும் ஒரு மரபணுவுக்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு அல்லீல்களைப் பெறுகின்றனர். ஒன்று இருந்தாலே வெளிப்படும் பண்பு ஓங்கு பண்பு. இரண்டும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு பண்பு. தன்மகரந்தச் சேர்க்கையில் கலப்புச் செடிகளின் பங்கு தலைமுறைதோறும் பாதியாகும் என்பதையும் மெண்டல் அதே கட்டுரையில் கணக்கிட்டிருக்கிறார். அவ்வகையில் மக்கள்தொகை மரபியலின் முதல் கணக்கும் அவருடையதே. ஆனால் மனிதரும் விலங்குகளும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதில்லையே! தமக்குள் பலவாறாகக் கலந்து மணக்கும் ஒரு கூட்டத்துக்கு என்ன கணக்கு என்பதை அவர் தொடவில்லை.

1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டறியப்பட்டன. உடனே இங்கிலாந்தில் சண்டை மூண்டது. உயரம், எடை போன்ற அளவுகளைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்த கார்ல் பியர்சன் ஒரு பக்கம்; மெண்டலின் விதிகளைப் பரப்பிய வில்லியம் பேட்சன் மறுபக்கம். மெண்டலின் விதி பட்டாணிக்குப் பொருந்தலாம், மனித உயரம்போல் சிறுகச் சிறுக மாறும் பண்புகளுக்குப் பொருந்தாது என்பது பியர்சன் அணியின் வாதம்.

ஓங்கு பண்பு ஏன் ஊரை நிரப்பவில்லை?

1908ஆம் ஆண்டு லண்டனில் நடந்த மருத்துவக் கூட்டம் ஒன்றில் ரெஜினால்ட் பன்னெட் மெண்டலின் விதிகளையும் நோய்களையும் பற்றி உரையாற்றினார். மாணவர்கள் இன்றும் வரையும் பன்னெட் கட்டம் இவர் பெயரால் வழங்குவதே. உரைக்குப் பின் புள்ளியியலாளர் உட்னி யூல் ஓர் ஐயத்தை எழுப்பினார். குட்டை விரல் என்பது ஓங்கு பண்பு. அப்படியானால் காலப்போக்கில் குட்டை விரல் உள்ளோர் மூவருக்கு இயல்பான விரல் உள்ளோர் ஒருவர் என்னும் விகிதம் வந்திருக்க வேண்டாமா?

இது தவறான எண்ணம் என்று பன்னெட்டுக்குப் பட்டது. ஆனால் ஏன் தவறு என்று அவரால் நிறுவ இயலவில்லை. கேம்பிரிட்ஜில் தம்முடன் கிரிக்கெட் ஆடும் நண்பரான கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியிடம் கேள்வியைக் கொண்டுசென்றார். சென்னைத் துறைமுக அலுவலகத்து எழுத்தர் சீனிவாச இராமானுஜனின் கடிதம் ஹார்டியின் மேசைக்கு வந்து சேர இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன. எண் கோட்பாட்டில் மூழ்கியிருந்த ஹார்டிக்கு இந்தக் கேள்வி மிக எளிதாகத் தோன்றியது. 1908 ஜூலையில் அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் ஒரு சிறு கடிதமாக விடையை வெளியிட்டார். இதற்குப் பெருக்கல் வாய்ப்பாடு அளவிலான கணிதமே போதும் என்பதையும் அதில் குறிப்பிட்டார். தம் கணிதம் எதற்கும் பயன்படாதது என்று பெருமைப்பட்டுக்கொண்டவர் ஹார்டி. அவர் பெயர் இன்று உலகெங்கும் உயிரியல் பாடநூல்களில் இருக்கிறது.

அந்தப் பெருக்கலைப் பயறு கொண்டு பார்க்கலாம். ஒரு பையில் 60 வெள்ளைப் பயறும் 40 கறுப்புப் பயறும் உள்ளன. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி ஒன்றை எடுத்து, அதைத் திரும்பப் போட்டுவிட்டு, மற்றொன்றை எடுப்பதாகக் கொள்வோம். இரண்டும் வெள்ளையாக அமையும் வாய்ப்பு 0.6 × 0.6 = 0.36. இரண்டும் கறுப்பாக அமைவது 0.4 × 0.4 = 0.16. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என அமைவது 2 × 0.6 × 0.4 = 0.48. அதாவது நூறு பிள்ளைகளில் 36, 48, 16 என்னும் பிரிவு. இப்போது இந்த நூறு பேரிடம் உள்ள 200 அல்லீல்களை எண்ணினால், வெள்ளை 72 + 48 = 120; கறுப்பு 48 + 32 = 80. விகிதம் மீண்டும் 60க்கு 40! அடுத்த தலைமுறையிலும் அதேதான்.

பொதுவாகச் சொன்னால், இரு அல்லீல்களின் விகிதங்கள் அ, ஆ எனில், மூவகைப் பிள்ளைகளின் விகிதம் அ² + 2அஆ + ஆ² ஆகும். எது ஓங்கு, எது ஒடுங்கு என்பது இந்தக் கணக்கில் எங்குமே நுழையவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓங்கு என்பது வெளித்தோற்றத்தைப் பற்றிய சொல். பெருகும் ஆற்றலைப் பற்றியது அன்று. யூலின் ஐயத்துக்கு இதுவே விடை. மாணவர்கள் பலர் இன்றும் இதே இடத்தில்தான் இடறுகின்றனர்.

இதே விதியை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர மருத்துவர் வில்ஹெல்ம் வைன்பர்க் 1908 ஜனவரியிலேயே ஓர் உரையில் விளக்கியிருந்தார். ஜெர்மன் மொழியில், உள்ளூர்ச் சங்கத்தின் இதழில் வெளிவந்ததால் அது கவனிக்கப்படவில்லை. 1943இல் கர்ட் ஸ்டெர்ன் எடுத்துச் சொன்ன பிறகே விதிக்கு ஹார்டி–வைன்பர்க் என்னும் இரட்டைப் பெயர் வந்தது. அதற்குள் வைன்பர்க் மறைந்துவிட்டார்.

விதி சில நிபந்தனைகளைக் கேட்கிறது. கூட்டம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். இந்த மரபணுவைப் பொறுத்தவரை இணை சேர்வது தற்செயலாக நடக்க வேண்டும். எந்த வகையும் கூடுதலாகப் பிழைக்கவோ இறக்கவோ கூடாது. வெளியாரின் வரவும் திடீர் மாற்றமும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு கூட்டம் உலகில் எங்கும் இல்லை. விதியின் பயனும் அங்கேதான் இருக்கிறது. எதுவும் நடக்காவிட்டால் எண்கள் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், கண்ட எண்கள் எங்கே விலகுகின்றன என்று கேட்க முடியும். அதன் பின் வந்த வரலாறு முழுவதும் இந்த நிபந்தனைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்த வரலாறே.

மூவர்

முதலாமவர் ரொனால்டு ஃபிஷர். கண்பார்வைக் குறைவால் முதல் உலகப் போரில் படையில் சேர்க்கப்படாமல், 1915 முதல் 1919 வரை பள்ளிகளில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துவந்தார். அந்தப் பள்ளி ஆசிரியப் பணிக் காலத்தில்தான் பியர்சன்–பேட்சன் சண்டையை முடித்துவைத்த கட்டுரையை எழுதினார். உயரம் போன்ற ஒரு பண்பைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானித்து, ஒவ்வொன்றும் மெண்டலின் விதிப்படியே நடந்து, சிறிது சிறிதாகக் கூட்டியோ குறைத்தோ வந்தால், கிடைப்பது பியர்சன் அளந்த அதே மணிவடிவ வளைவுதான் என்று காட்டினார். இரு தரப்பும் சரி, சண்டைதான் வீண். லண்டன் ராயல் சங்கத்தில் வரவேற்பு இல்லாததால் கட்டுரை 1918இல் எடின்பரோவில் வெளியானது. விலக்க வர்க்கச் சராசரி என்று பள்ளியில் படிக்கும் அளவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை ஃபிஷர் அறிமுகப்படுத்தியது இக்கட்டுரையில்தான்.

இரண்டாமவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இயற்கைத் தேர்வு எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை 1924 முதல் ஒரு கட்டுரை வரிசையில் கணக்கிட்டார். மான்செஸ்டர் பகுதியில் 1848இல் அரிதாகக் காணப்பட்ட கரிய நிற பிஸ்டன் பெட்டுலேரியா அந்துப்பூச்சி, அந்த நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ முழுமையாகப் பரவிவிட்டது. இவ்வளவு விரைவாகப் பரவ வேண்டுமானால், வெளிர்நிறப் பூச்சி இரண்டு வாரிசுகளை விட்டுச்செல்லும் இடத்தில் கரிய பூச்சி மூன்று வாரிசுகளை விட்டிருக்க வேண்டும் என்றார். அந்நாளில் எவரும் எதிர்பாராத பெரிய எண் அது.

மூன்றாமவர் அமெரிக்கரான சீவால் ரைட். வேளாண் துறையில் சீமைப் பெருச்சாளிகளை உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வித்து ஆராய்ந்தவர். சிறிய கூட்டங்களில் தற்செயலே பெரிய ஆற்றல் என்பது அவர் கொள்கை. பெரிய கூட்டமும் தேர்வுமே முக்கியம் என்றார் ஃபிஷர். இருவரும் கடைசிவரை உடன்படவில்லை.

ஒன்றின் கீழ் பதினொன்று

சமன்பாடு சமூகத்தைத் தொட்ட இடம் இது. 1883இல் பிரான்சிஸ் கால்டன் பெயர் சூட்டிய இனமேம்பாட்டியல், தகுதி குறைந்தோர் என்று முத்திரை குத்தப்பட்டோரைப் பிள்ளை பெறாமல் தடுத்தால் சமூகம் தூய்மையாகும் என்றது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் 1907இல் கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியது. ஹார்டியின் கடிதத்துக்கு ஓராண்டு முன்பு! பிற மாநிலங்களும் தொடர்ந்தன. 1927இல் கேரி பக் என்னும் இளம்பெண்ணின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியா மாநிலத்தின் சட்டத்தை எட்டுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையில் ஏற்றது. அறிவுக் குறைபாடு மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது என்பதே அரசுத் தரப்பின் வாதம். மூன்றாம் தலைமுறை என்று காட்டப்பட்ட கைக்குழந்தை, பின்னர்ப் பள்ளியில் சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்தாள். அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கருத்தடைக்கு ஆளாயினர். ஜெர்மனியில் 1933 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேர்.

இந்தத் திட்டம் தன் நோக்கத்தையாவது நிறைவேற்றுமா? கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு குறைபாடு ஒற்றை ஒடுங்கு மரபணுவால் வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். நூறில் ஒருவருக்கு அது உள்ளது எனில் ஆ² = 1/100; எனவே ஆ = 1/10. குறைபாடு உள்ள அனைவரையும் ஒருவர் விடாமல் ஒவ்வொரு தலைமுறையிலும் தடுத்தால், ஆ என்பது அடுத்த தலைமுறையில் 1/11 ஆகும். அதற்கடுத்து 1/12, பிறகு 1/13. கீழ் எண் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். பத்தாயிரத்தில் ஒருவர் என்னும் நிலைக்கு ஆ = 1/100 ஆக வேண்டும்; அதற்கு 90 தலைமுறைகள் தேவை. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 2,250 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி, இடையில் ஒரு தலைமுறைகூட நிறுத்தாமல் செய்திருந்தால் இப்போது முடிந்திருக்கும்.

காரணம் எளிது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு ஒரு நோய் இருக்கையில், அந்த அல்லீலை நோயின்றிச் சுமக்கும் கடத்திகள் 2 × 0.99 × 0.01, அதாவது ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர். ஒரு நோயாளிக்கு இருநூறு கடத்திகள். சட்டம் நோயாளியைப் பிடிக்கிறது. அல்லீலோ நலமுடன் நடமாடும் இருநூறு பேரிடம் இருக்கிறது, சட்டம் எழுதியவர் வீடு உட்பட.

இவ்வகைக் கணக்கைப் பன்னெட் 1917இலேயே வெளியிட்டார். அதனால் சட்டங்கள் நின்றுவிடவில்லை. இதே வாய்பாட்டை மறுபக்கம் திருப்பவும் முடிந்தது. முதல் தலைமுறையில் 1/100 என்பது 1/121 ஆகிறது. அது 17 விழுக்காட்டுக் குறைவு, சிறிதன்று என்றார் ஃபிஷர். அவர் இனமேம்பாட்டியலின் தீவிர ஆதரவாளர். 1930இல் வந்த அவரது புகழ்பெற்ற நூலின் இறுதி அத்தியாயங்கள் அதைப் பற்றியனவே. இந்தச் சார்பின் காரணமாகக் கேம்பிரிட்ஜில் அவர் படித்த கல்லூரி, அவர் நினைவாக வைத்திருந்த சாளரத்தை அகற்ற 2020இல் முடிவு செய்தது. மாறாக ஹால்டேன் 1938இல் எழுதிய நூலில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களை வெளிப்படையாகக் குறைகூறினார். இருவரும் ஒரே சமன்பாட்டைத்தான் கையாண்டனர். எண்களுக்கு முன்னால் வைத்த எடுகோளிலேயே பிழை இருந்தது என்பதைப் பின்னாள் ஆய்வுகள் தெளிவாக்கின. அறிவுக் குறைபாடு என்று அன்று ஒரே பெயரில் அழைக்கப்பட்டது ஒற்றை மரபணுவின் பண்பே அன்று. வறுமையும் பள்ளி வாய்ப்பின்மையும்கூட அந்தப் பெயரில் எண்ணப்பட்டன.

குப்பியும் ஊரும்

பயறுப் பையில் ஆயிரம் முறை எடுத்தால் விகிதம் ஏறத்தாழ 60க்கு 40 வரும். பத்து முறை மட்டும் எடுத்தால்? எட்டுக்கு இரண்டும் வரலாம். அந்த எட்டுக்கு இரண்டே அடுத்த தலைமுறையின் பை ஆகிவிடும். இவ்வாறு தற்செயலாக விகிதம் அலைவதை மரபியல் நகர்வு என்பர். ரைட் 1931இல் இதன் கணிதத்தை விரிவாகத் தந்தார். 1956இல் பீட்டர் பூரி வெளியிட்ட சோதனை அதைக் கண்முன் காட்டியது. 107 பழ ஈக் கூட்டங்கள். ஒவ்வொன்றிலும் தலைமுறைதோறும் 16 ஈக்கள் மட்டும். எல்லாக் கூட்டங்களிலும் ஒரு கண் நிற அல்லீல் பாதிக்குப் பாதி என்னும் அளவில் தொடங்கியது. 19 தலைமுறைகளுக்குப் பின் 30 கூட்டங்களில் அந்த அல்லீல் மறைந்தேவிட்டது. 28 கூட்டங்களில் அது மட்டுமே எஞ்சியது.

இந்தியாவில் இது குப்பிக்குள் நடக்கும் செய்தியாக நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்துகொள்ளும் சாதிக் குழுக்கள், மரபியல் நோக்கில் தனித்தனிச் சிறு கூட்டங்களே. தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 81 குழுக்கள் மிகச் சில முன்னோரிலிருந்து பெருகிய தடயத்தைக் கொண்டுள்ளன என்றது. வைசியர் சமூகத்தில், சில தசைத் தளர்ப்பு மருந்துகளைச் சிதைக்கும் நொதி குறைந்தோர் வழக்கத்துக்கு மாறாக மிகுதி என்பது மயக்கவியல் மருத்துவர்கள் அறிந்ததே. அறுவைக்கு முன் அம்மருந்தைச் செலுத்தினால், சில நிமிடங்களில் திரும்ப வேண்டிய மூச்சு நெடுநேரம் திரும்பாது. தொடக்கத்தில் இருந்த ஏதோ ஒரு சில முன்னோரின் அல்லீல், பையில் தற்செயலாக மிகுந்துபோனதன் விளைவு இது. எவருடைய உயர்வையும் தாழ்வையும் இது காட்டுவதில்லை.

ஜப்பானியரான மோட்டோ கிமுரா 1968இல் தற்செயலை இன்னும் ஒரு படி மேலே கொண்டுசென்றார். மூலக்கூறு அளவில் நடக்கும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் அற்றவை. தற்செயலாகவே பரவுகின்றன என்றார். அவர் கணக்கின் அழகு அதன் சுருக்கத்தில் உள்ளது. கூட்டத்தில் நூறு பேர் எனில் 200 அல்லீல்கள். புதிய மாற்றம் தோன்றும் வாய்ப்பு 200 மடங்கு. ஆனால் தோன்றிய ஒன்று முழுக் கூட்டத்தையும் பிடிக்கும் வாய்ப்பு 200இல் ஒரு பங்கு. இரண்டும் அடிபட்டுப்போகும். எனவே கூட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் மாற்றங்கள் நிலைபெறும் வேகம் ஒன்றே. இரு உயிரினங்கள் எப்போது பிரிந்தன என்று மரபணு வேறுபாட்டை எண்ணிக் காலம் கணிப்பதற்கு இதுவே கோட்பாட்டு அடிப்படை. நான்கு ஆண்டுகள் கழித்து ரிச்சர்ட் லெவோன்டின், மனித மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்துக்குள்ளேயே காணப்படுகிறது என்று கணக்கிட்டார். இனம் என்று நாம் பிரிக்கும் கோடுகளுக்கு இடையே எஞ்சுவது சிறு பங்கே.

அத்தை மகள், அக்காள் மகள்

தற்செயலாக இணை சேர்வது என்னும் நிபந்தனையை உடைப்பது உறவுத் திருமணம். ரைட் 1922இல் இதற்கு ஓர் எண்ணைத் தந்தார். மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தவரின் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இருவரிடமும் சேர்த்து நான்கு அல்லீல்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்று, இரு வழிகளிலும் மும்மூன்று படி இறங்கி இந்தக் குழந்தையிடம் இரட்டையாகச் சேரும் வாய்ப்பு 1/64. நான்குக்கும் சேர்த்து 4/64, அதாவது 1/16. அக்காள் மகளை மணந்தால் ஒரு வழியில் ஒரு படி குறைகிறது, எனவே 1/8.

இந்த எண்ணை நோய்க்குப் பொருத்தினால் ஒரு சுவையான உண்மை வெளிப்படும். நோய் அல்லீலின் விகிதம் 1/100 எனில், உறவல்லாதோர் குழந்தைகளில் பத்தாயிரத்தில் ஒருவருக்கு நோய் வரும். அத்தை மகள் திருமணத்தில் அது ஏழு பேர்; அக்காள் மகள் திருமணத்தில் பதின்மூன்று பேர். ஆனால் அல்லீல் பரவலாக, 1/10 அளவில் இருந்தால், நூறில் ஒருவர் என்பது அத்தை மகள் திருமணத்தில் ஏறத்தாழ ஒன்றரை பேர் ஆகும், அவ்வளவே. ஆக, நோய் எவ்வளவு அரிதோ அவ்வளவுக்கு உறவுத் திருமணம் அதைப் பெருக்கிக் காட்டும். 'எங்கள் வீட்டில் எல்லாம் உறவுதான், ஒன்றும் ஆகவில்லையே' என்னும் பேச்சும், 'சொந்தத்தில் கட்டினால் குழந்தை ஊனமாகும்' என்னும் அச்சமும் ஒருசேர நிலவுவதற்கு இந்த எண்களே விளக்கம். பத்தாயிரத்தில் ஏழு என்பது ஒரு தெருவில் தெரியாது. மருத்துவமனைப் பதிவேட்டில் தெரியும்.

இந்திய மரபியலாளர் எல். டி. சங்வி, பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் உறவுத் திருமணங்களால் தென்னிந்தியாவில் தீய அல்லீல்கள் ஓரளவு களையப்பட்டிருக்கலாம் என்று 1966இல் கருத்துரைத்தார். அது இன்றும் விவாதத்துக்குரியதே. 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹால்டேனும் இங்குள்ள உறவுத் திருமணங்களின் மரபியலில் ஆர்வம் காட்டி, தம் மாணவர்களை அத்திசையில் செலுத்தினார். இந்தியக் குடியுரிமை பெற்ற அவர் 1964 டிசம்பர் 1 அன்று புவனேசுவரத்தில் காலமானார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

நீலகிரியின் கதிர் அரிவாள் அணுக்கள்

ஒரு கேள்வி மட்டும் நெடுநாள் உறுத்தியது. ஆளைக் கொல்லும் அல்லீல் ஒன்று ஒரு நாட்டில் பரவலாக இருப்பது எப்படி? கதிர் அரிவாள் இரத்தச் சோகை அத்தகையது. இரண்டு அல்லீல்களும் உள்ள குழந்தைகள், மருத்துவ வசதி இல்லாத இடங்களில், பெரும்பாலும் வளருமுன்பே இறந்துவிடுவர். ஆனாலும் ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் கடத்திகள் மிகுதி. 1952இல் லேமனும் கட்புஷ்ஷும் நீலகிரிப் பழங்குடியினரிடமும் இந்த அணுக்கள் இருப்பதை அறிவித்தனர்.

தலசீமியா என்னும் வேறொரு இரத்த நோயைப் பற்றி ஹால்டேன் 1949இல் ஒரு குறிப்புத் தந்திருந்தார்: கடத்திகளை மலேரியா அவ்வளவாகத் தாக்காமல் இருக்கலாம். கதிர் அரிவாள் அல்லீலுக்கு இது உண்மை என்பதை அந்தோனி அலிசன் 1954இல் ஆப்பிரிக்காவில் காட்டினார். கணக்கு இப்படிப் போகும். மலேரியாவால், இரண்டும் இயல்பான அல்லீல் கொண்டவர்களில் பத்தில் ஒரு பங்கினர் இறக்கின்றனர், இரண்டும் கதிர் அரிவாள் அல்லீல் கொண்டவர்கள் அனைவரும் இறக்கின்றனர், கடத்திகள் பிழைக்கின்றனர். அப்போது அல்லீல் மறையவும் மறையாது, பரவித் தீரவும் தீராது. 0.1 ÷ 1.1, அதாவது ஏறத்தாழ 9 விழுக்காட்டில் வந்து நிற்கும். ஆயிரம் குழந்தைகளில் எட்டுப் பேர் நோயுடன் பிறப்பர். 165 பேர் கடத்திகளாகப் பிறந்து மலேரியாவுக்குத் தப்புவர். ஓர் அல்லீலை நல்லது, கெட்டது என்று இடம் குறிப்பிடாமல் சொல்ல இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மரபியலில் இல்லை.

2023 ஜூலையில் இந்திய அரசு கதிர் அரிவாள் இரத்தச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள். ஒழிப்பு என்னும் சொல்லை இங்கே ஹார்டியின் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மலேரியா அடங்கிய ஓர் ஊரில் வளர்ந்தவர்களில் ஆறில் ஒருவர் கடத்தி என்று கொள்வோம். பொருத்தம் பார்க்காமல் நடக்கும் திருமணங்களில் 36க்கு ஒன்றில் மணமக்கள் இருவருமே கடத்திகளாக இருப்பர். அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆக 144 குழந்தைகளில் ஒன்று நோயுடன் பிறக்கும். சோதனை அட்டையைப் பார்த்து, கடத்தியும் கடத்தியும் மணப்பதை மட்டும் தாமாகவே தவிர்த்தால் அந்த ஒன்றும் பிறக்காது. எவருக்கும் கருத்தடை தேவையில்லை. எவரும் திருமணமின்றி இருக்க வேண்டியதில்லை. கடத்திகள் மட்டும் அடுத்த தலைமுறையிலும் ஆறில் ஒருவராகவே இருப்பர்.